அத்தியாயம் ஒன்பதரை

மார்ச் 4

வாலு,

இந்தப் பெயரில் உன்னைக் கூப்பிட்டு வெகு காலமாகிவிட்டது. கோபத்தில் எழுதும்போதும் கை தானாக இதைத்தான் எழுதுகிறது. ஃபோனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வைத்துவிடுவோம். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் படப்பிடிப்புக்கு நடுவே மேக்கப் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு பக்க மீசை ஒட்டியாயிற்று. மறுபக்கம் ஒட்ட நல்ல பசை தேடி மேக்கப்மேன் போயிருக்கிறார்.

உன் புத்தகத்தைப் படித்தேன். அண்ணனுக்கு ஒரு பிரதி அனுப்ப உனக்கு மனசு வரவில்லை. டிரைவரை அனுப்பித்தான் வாங்கினேன். கடைக்காரர் வெளியே நின்ற காரை எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணனே ஆள் விட்டு வாங்கறாரா? அப்ப உள்ள இருக்கறது உண்மைதான்" என்று சொல்லி, அடுக்கின் அடியில் கிடந்த பிரதிகளை எடுத்து முன்னால் வைத்தாராம்.

முதல் எட்டு அத்தியாயங்கள் எனக்குப் பிடித்தன. அதை மறைக்க மாட்டேன். குளியலறைக் கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா குளித்துக்கொண்டே வசனம் கேட்பார், இந்தப் பக்கம் நீ நின்று தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே குரல் எழுப்பிச் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். ஒன்பதாவது அத்தியாயத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று.

நாட்டில் பாதிப் பேர் அப்பாவைக் 'குடும்பத் தலைவர்' என்றுதான் கூப்பிட்டார்கள். திரையில் மனைவிக்கு விரலில் சுட்டால் அவருக்குக் கண் கலங்கும், கொட்டகையே கலங்கும். அந்த மனிதர் வீட்டில் ஏழு வருடம் அம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை என்று நீ ஊருக்கே சொல்லிவிட்டாய். அவர் போய்ச் சேர்ந்து எட்டு வருடம் ஆகிறது. எழுந்து வந்து பதில் சொல்ல முடியாதவர்மேல் வழக்குப் போட்டிருக்கிறாய். இதில் என்ன வீரம் இருக்கிறது?

இங்கே நடப்பது உனக்குத் தெரியாது. ரசிகர் மன்றத் தலைவர் வீட்டுக்கு வந்து, சோபாவில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனார். சிக்னலில் பக்கத்துக் காரில் இருந்த ஒரு அம்மாள் கண்ணாடியை இறக்கி, "நீங்களாவது வீட்ல பேசுவீங்களா?" என்று கேட்டாள். உன் அண்ணி பக்கத்தில்தான் இருந்தாள். சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த மாதக் கடைசியில் என் படம் வருகிறது. அப்பா நடித்த அதே மாதிரி வேடம், மனைவியைத் தாங்கு தாங்கென்று தாங்கும் கணவன். சுவரொட்டியில் அவர் முகமும் என் முகமும் பக்கத்தில் பக்கத்தில். அதை மாற்றலாமா என்று தயாரிப்பாளர் கேட்கிறார். அப்பா முகத்தை எடுக்கலாமா என்று என்னிடமே கேட்கிறார்.

இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகிறது என்று கேள்விப்பட்டேன். ஒன்பதாம் அத்தியாயத்தை எடுத்துவிடு. முடியாதென்றால், அதில் கற்பனை கலந்திருக்கிறது என்று முன்னுரையில் ஒரு வரி போடு. அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. புத்தகம் வந்தது தெரியும். இன்னும் கைக்கு வரவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மீசை வந்துவிட்டது.

அண்ணன்


மார்ச் 11

அண்ணா,

உன் கடிதத்தில் நான் எழுதியது பொய் என்று எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அதற்கு நன்றி.

அத்தியாயத்தை எடுக்க மாட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிச்சத்தை நீ நிதானமாகப் படிக்கலாம்.

எங்கள் நாடகக் குழுவின் ஒத்திகைக்கூடம் ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கிறது. கூடத்துக்குத் தனியாகத் தபால்பெட்டி கிடையாது. வரும் கடிதங்களைக் கடைக்காரர் வாங்கி ஒரு லாரி டயருக்குள் போட்டு வைப்பார். முன்பெல்லாம் மின்கட்டண ரசீது மட்டும் கிடக்கும். இப்போது டயர் நிரம்பி வழிகிறது. "இன்னொரு டயர் இறக்கட்டுமாம்மா?" என்று கேட்கிறார்.

எல்லாம் பாராட்டு என்று நினைத்துவிடாதே. ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவர், பெற்ற அப்பனை விற்றுச் சாப்பிடுகிறாய் என்று நாலு பக்கம் திட்டியிருக்கிறார். கடைசியில் பின்குறிப்பு: அடுத்த பாகம் எப்போது வரும்? பிரசவ வார்டு நர்ஸ் ஒருத்தி ஒரே வரிதான் எழுதினாள்: "அவ்வளவு பெரிய வீட்டிலுமா?" கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் வீட்டில் நாய்தான் தூது. அவள் அப்பா நாயைப் பார்த்து, "சாப்பாடு ஆயிடுச்சான்னு கேளு" என்பாராம். அம்மா நாயைப் பார்த்து, "ஆறிப்போச்சுன்னு சொல்லு" என்பாளாம். நாய் இரண்டு பேரிடமும் எலும்பு வாங்கிக்கொண்டு கொழுத்துப் போயிருக்கிறது.

தையல்கடை வைத்திருக்கும் ஒரு அம்மாளின் கடிதத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். கணவரும் அவளும் பெண்குழந்தை வழியாகத்தான் பேசிக்கொள்கிறார்களாம், வருடக்கணக்கில். ஒன்பதாம் அத்தியாயத்தைத் திறந்து, அவர் சாப்பிடும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது புத்தகம் அவர் தலையணைக்குக் கீழே இருந்ததாம். "இன்னும் ஒன்றும் பேசவில்லை. ஆனால் படிக்கிறார்" என்று எழுதியிருக்கிறாள்.

அப்பாவால் பதில் சொல்ல முடியாது என்கிறாய். அவர் நாற்பது வருடம் பேசினார் அண்ணா. அவர் பேசியதை ஊரே மனப்பாடமாகச் சொல்கிறது. பேசாத வருடங்களுக்கு ஒரு அத்தியாயம் கொடுத்தால் குறைந்தா போய்விடுவார்?

இன்னொன்று. அந்த அத்தியாயத்தில் பாதி உன்னைப் பற்றியது. அதைப் பற்றி நீ வாயே திறக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் அப்பா சொல்வார்: "உங்கம்மாகிட்ட சொல்லு, சட்டைல பட்டன் போயிடுச்சு." அம்மா அடுப்படியிலிருந்து சொல்வாள்: "உங்கப்பாகிட்ட சொல்லு, கடைல விக்குது." நடுவில் பத்தடி தூரம். அதைக் கடப்பதற்குள் நீ வார்த்தையை மாற்றிவிடுவாய். "நாளைக்குத் தைச்சுத் தர்றாங்களாம்பா" என்பாய். பிறகு யாரும் பார்க்காமல் நீயே ஊசியில் நூல் கோர்த்துத் தைப்பாய். என்னை அனுப்பினால் சொன்னதைச் சொன்னபடி போட்டு உடைப்பேன், வீடு ரெண்டுபடும். அதனால் என்னை யாரும் அனுப்பவில்லை. நீ நடிகனானது அந்தப் பத்தடியில்தான். பத்து வயதுப் பையன் தலையில் அவ்வளவு பாரம் ஏற்றியிருக்கக் கூடாது என்றுதான் எழுதியிருக்கிறேன். இன்னொரு முறை படி.

அம்மாவிடம் புத்தகத்தைக் கொடு.

வாலு


மார்ச் 23

அண்ணா,

உன் படத்தின் பாட்டு வெளியீட்டு விழாவை எதிர் டீக்கடை டிவியில் பார்த்தேன். ஒத்திகை முடிந்து எங்கள் குழுவில் எல்லோரும் நின்றிருந்தார்கள். தொகுப்பாளினி என் புத்தகத்தைப் பற்றிக் கேட்டாள். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். முகத்தில் இருக்கும், கண்ணில் இருக்காது. "என் தங்கச்சிக்குச் சின்ன வயசுலேர்ந்தே கற்பனை ஜாஸ்தி. எங்க வீட்ல எல்லாரும் எல்லார்கூடவும் பேசிக்கிட்டுதான் இருந்தோம்" என்றாய். கைதட்டினார்கள்.

டீக்கடையில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கடைக்காரர் ஒலியைக் குறைத்தார். அவ்வளவுதான்.

கடிதத்தில் சொல்லத் துணியாததை நீ மேடையில் சொன்னாய். பொய்க்காரி என்று நேராகச் சொல்லியிருந்தால் நானும் நேராகத் திட்டியிருப்பேன். செல்லமாகச் சொல்லிவிட்டாய்.

எனக்காக வருத்தப்படாதே. என்னைத் திட்டியவர்கள் கொஞ்சம் கூடுதலாகத் திட்டுகிறார்கள்; நாலைந்து பேர் புத்தகத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், அதில் ஒருவர் பிடித்த வரிகளுக்கு அடிக்கோடு போட்டுவிட்டு அனுப்பியிருக்கிறார். நான் தாங்குவேன். என்னால் தாங்க முடியாதது தையல்கடை அம்மாளின் இரண்டாவது கடிதம். அது இதோடு இருக்கிறது. படி. நீ டிவியில் பேசிய மறுநாள் அவள் கணவர் புத்தகத்தைக் கொண்டுவந்து தையல் மெஷின்மேல் வைத்துவிட்டு, மகளைப் பார்த்துச் சொன்னாராம்: "உங்கம்மாகிட்ட சொல்லு, அந்தம்மாவோட அண்ணனே கற்பனைன்னுட்டாரு."

தலையணைக்குக் கீழே இருந்த புத்தகம் அண்ணா.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். கடிதத்தில் அவள் முகவரி இருக்கிறது. அவளுக்கு எழுது.

தங்கை


ஏப்ரல் 3

வாலு,

எழுத வேண்டாம் என்றாய். ஆனால் இதை எழுதாமல் இருக்க முடியாது. புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

போன வாரம் அம்மாவுக்குக் கண்புரை எடுத்தோம். கண் ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தனை வருஷம் எப்படிம்மா தாங்கினீங்க?" என்று கேட்டாள். அம்மா, "எதைம்மா?" என்றாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் மருந்துச் சீட்டைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "புத்தகத்தை எடுத்துட்டு வா. எனக்குக் கொஞ்ச நாள் படிக்கக் கூடாதுன்னுட்டாங்க. நீ படி, நான் கேக்கறேன்."

இரண்டு மத்தியானம் படித்தேன். குளியலறை வசனத்துக்குச் சிரித்தாள். எட்டாவதை முடித்ததும் பக்கங்களை மெதுவாகத் தள்ளி, குரலில் ஒரு பிசிறும் இல்லாமல் பத்தாவதைத் தொடங்கினேன். எத்தனை படத்தில் நடித்திருக்கிறேன். இரண்டு பத்தி போனதும் அம்மா கையைத் தூக்கினாள்.

"இப்பதான் அவளுக்குப் பல்லு விழுந்துச்சு. அதுக்குள்ள மேடையேறி நாடகம் போடறா. நடுவுல ஏழு வருஷம் எங்கடா? முழுங்கிட்டியா?"

படித்தேன். வசனம் மாதிரி இல்லாமல் வெறுமனே படிக்க எனக்கு வரவில்லை. அப்பா சொன்ன வரி வந்தபோது அப்பா குரலிலேயே சொல்லிவிட்டேன். அம்மா நிறுத்தினாள். "அவர் குரல் வேணாம். உன் குரல்ல படி." என்னைப் பற்றிய பக்கங்களை எப்படிப் படித்து முடித்தேன் என்று கேட்காதே.

முடிந்ததும் தலையை என் பக்கம் திருப்பினாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். கறுப்புக் கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது.

"நல்லா எழுதியிருக்கா. ஆனா தப்பா எழுதியிருக்கா" என்றாள்.

எனக்கு அந்த நிமிடம் உள்ளுக்குள் குளிர்ந்தது, ஒத்துக்கொள்கிறேன். அம்மா என் பக்கம் என்று நினைத்தேன். அவள் சொன்னது இது: "அவர் பேசறதை நிறுத்திட்டார்னு எழுதியிருக்கா. முதல்ல நிறுத்தினது நான்."

நீ கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா நடிப்பதை விட்டாள் அல்லவா? உனக்குப் பல் விழுந்த வயதில் ஒரு இயக்குநர் வீட்டுக்கு வந்து கதை சொன்னாராம். பெண் நீதிபதி வேடம். அம்மா கையெழுத்துப் போட்டு முன்பணம் வாங்கினாள். அப்பா அவளுக்குத் தெரியாமல் அதைத் திருப்பி அனுப்பி, "அவங்களுக்கு விருப்பமில்லையாம்" என்று சொல்லிவிட்டார். வேறொரு நடிகை அந்த வேடம் போட்டதைப் பத்திரிகையில் பார்த்துத்தான் அம்மாவுக்கே தெரிந்தது.

"அன்னிக்கு சாயங்காலம் வந்து தண்ணி கேட்டாரு. நான் பதில் சொல்லல. நான் சொல்லாத ஒண்ணை என் வாயால சொன்னதா சொன்னீங்கல்ல, அப்ப இனிமே இந்த வாயால உங்களுக்கு ஒண்ணும் கிடையாதுன்னு இருந்துட்டேன். ரெண்டு நாள்ல இறங்கி வருவாருன்னு பாத்தேன். அவரும் வீம்புல உக்காந்துட்டாரு."

பிறகு உன்மேல் கோபம் வந்தது. "நான் கதவோரம் நின்னு கண்ணைத் துடைச்சேன்னு எழுதியிருக்காளே, எப்படா துடைச்சேன்? நான் சண்டை போட்டேன். வாயைத் திறக்காம ஏழு வருஷம் சண்டை போட்டேன். அதுல பாதி என்னோடது. என் பங்கையும் சேத்து எதுக்கு அவருக்குக் குடுக்கறா?"

ஒரு நாள் காரணமே இல்லாமல் பேசத் தொடங்கினார்கள் என்று எழுதியிருக்கிறாய். காரணம் இருக்கிறதாம். உன் முதல் பள்ளி நாடகத்தன்று டிரைவர் வரவில்லை. அப்பாவே ஓட்டினார். சாலையெல்லாம் தோண்டிப் போட்டிருந்தது. அவருக்கு வழி தெரியவில்லை. நிறுத்திக் கேட்கவும் முடியவில்லை, குடும்பத் தலைவருக்கே வழி தெரியாதா என்று ஜனங்கள் கூடிவிடுவார்கள். ஒரே ரவுண்டானாவைத் திரும்பத் திரும்பச் சுற்றினாராம். அம்மாவுக்கு வழி தெரியும். சுற்றட்டும் என்று விட்டுவிட்டாள். கடைசியில் அவளுக்கே சிரிப்பு வந்து, "லெஃப்ட்ல போங்க" என்றாள். அப்பா, "முதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?" என்றார். "நீங்க கேக்கலையே" என்றாளாம்.

"மன்னிப்பு மட்டும் கடைசி வரைக்கும் அவர் கேக்கல. அதையும் எழுதச் சொல்லு" என்றாள். நீங்களே அவளுக்குச் சொல்லுங்கள் என்றேன். இந்தத் தடவை நீ கேட்டதை மாற்றாமல் அப்படியே எழுது, அடுத்த தடவையிலிருந்து நான் பேசிக்கொள்கிறேன் என்றாள். அப்படியே எழுதியிருக்கிறேன். ஒரு சொல்லையும் தொடவில்லை.

டிவியில் நான் பேசியதையும் ஆஸ்பத்திரிப் பெண் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். "அந்தப் பொண்ணு நீ சொன்னதை நம்பல. எனக்கு அதுல சந்தோஷம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அம்மா தூங்கப் போய்விட்டாள்.

அண்ணன்


ஏப்ரல் 10

அண்ணா,

உன் கடிதத்தை டயர் கடை வாசலிலேயே பிரித்து நின்றபடி படித்தேன். படிக்கப் படிக்கச் சிரித்தேன் போல. கடைக்காரர் ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்.

பள்ளி நாடகத்தன்று நான் திரைக்குப் பின்னால் நின்று, முன்வரிசையில் காலியாக இருந்த இரண்டு நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் முதல் வசனம் முடிந்த பிறகுதான் வந்தார்கள். இரண்டு பேரும் ஏதோ சொல்லிச் சிரித்தபடி வந்தார்கள். எனக்கு அப்படியொரு ஆத்திரம். பேசிக்கொண்டு வந்தார்கள் என்பது எனக்குப் படவே இல்லை. தாமதமாக வந்தார்கள் என்பதுதான் பட்டது.

அம்மாவைப் பாவப்பட்டவளாக நினைக்க எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானே நினைத்துக்கொண்டேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் பாஷையில் சொன்னால், நான் கேட்கவில்லை.

முடிவு செய்துவிட்டேன். ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன். ஒரு சிறுமி கண்டது அது. அவள் அப்படித்தான் கண்டாள். அதற்கும் பத்தாவதுக்கும் நடுவில் இன்னொன்று வரும். அத்தியாயம் ஒன்பதரை. அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன், அவள் பெயரில் வரும். பதிப்பாளர், அரை அத்தியாயம் என்று உலகத்தில் எங்கும் கிடையாதே என்றார். இனிமேல் உண்டு என்றேன்.

நேற்று அம்மாவோடு ஃபோனில் பேசினேன். இங்கே நூலக அரங்கில் வாசகர் கூட்டம் இருக்கிறது, இருபத்தெட்டாம் தேதி. வருகிறேன் என்கிறாள். என்ன கேட்டாலும் பதில் சொல்வாளாம். ரயிலில் ஏற்றிவிடு.

உன் விஷயம் வேறு. அம்மா தன் கணக்கை நேர் செய்துவிட்டாள். நீ டிவியில் சொன்னது அப்படியேதான் இருக்கிறது. நீ என்னிடம் இனிக்க இனிக்க எழுதினாலும் அது கரையாது. தையல்கடை அம்மாளிடமிருந்து இப்போது கடிதமே வருவதில்லை.

வாலு


ஏப்ரல் 19

வாலு,

வெளிப்புறப் படப்பிடிப்புக்குப் போகும் வழியில்தான் தையல்கடை அம்மாளின் ஊர் இருக்கிறது. கடிதம் எழுத நான்கு முறை உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் அது வசனமாகவே வந்தது. அதனால் நேரில் போனேன்.

சின்னக் கடை. முன்னால் இரண்டு மெஷின், பின்னால் திரைச்சீலை, அதற்கு அந்தப் பக்கம் வீடு. அந்த அம்மாள் மேசையில் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கத்தரியை வைத்தாள். முகத்தில் மகிழ்ச்சி இல்லை. அவள் கணவர் உள்ளேயிருந்து ஓடிவந்தார். என் எல்லாப் படத்தையும் முதல் நாளே பார்த்தவராம். ஃபோனை மகளிடம் கொடுத்துவிட்டு என் தோளோடு ஒட்டி நின்றார்.

"படம் அப்புறம் எடுக்கலாம். ஒண்ணு சொல்லத்தான் வந்தேன். என் தங்கச்சி எழுதினது உண்மை. எங்க வீட்ல பேசல. நான்தான் டிவில பொய் சொன்னேன்" என்றேன்.

சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் அவர் உடைந்து அழுதிருப்பார். அவர் அழவில்லை. என் தோளிலிருந்து கொஞ்சம் விலகி நின்றார். "நீங்க எதுக்கு சார் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டார். கோபமாகத்தான் கேட்டார். அப்பாவை நல்லவராகவே வைத்திருக்க ஆசைப்பட்டேன் என்றேன். "அவர் நல்லவர்தானே சார்?" என்றார். நல்லவர்தான், பேசத்தான் இல்லை என்றேன்.

வந்தவருக்கு ஏதாவது தர வேண்டுமே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பழக்கதோஷம், மகள் பக்கம் திரும்பி, "உங்கம்மாகிட்ட சொல்லி சாருக்கு டீ..." என்று தொடங்கினார். மகள் அசையவில்லை. ஃபோனைப் பிடித்தபடி அப்பாவையே பார்த்தாள். அந்த அம்மாள் கத்தரியை எடுத்து மறுபடி வெட்ட ஆரம்பித்தாள். வாலு, எனக்கு அந்தப் பத்தடியை நானே நடந்து முடித்துவிடலாம் போல இருந்தது. வாயைத் திறக்கவும் செய்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் செருமினார். சுவரைப் பார்த்துக்கொண்டு, "டீ இருக்கா?" என்றார்.

அவள் தலையைத் தூக்கவில்லை. "பால் இல்ல. வாங்கிட்டு வாங்க" என்றாள்.

அவர் செருப்பைக்கூட மாட்டாமல் போனார். அவர் திரும்பி வரும்வரை அந்த அம்மாள் வெட்டிக்கொண்டே இருந்தாள். துணி மட்டும் கோணலாகப் போயிற்று. டீ நன்றாக இருந்தது. படம் எடுக்க அவர் மறந்தேபோனார்.

மன்னிப்பு அப்பா கடைசி வரைக்கும் கேட்கவில்லை என்றாள் அம்மா. எனக்கு அவருடைய மூக்கும் குரலும் வந்திருக்கின்றன. அது போதும். நான் கேட்கிறேன். நீ எழுதியது நம் வீடுதான். அந்தப் பட்டன்களைத் தைத்த பையனைப் பற்றி நீ எழுதியதைப் படித்தபோது, அதை ஒருத்தி பார்த்திருக்கிறாள் என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. அதைச் சொல்லாமல் உன்னைக் கற்பனைக்காரி என்று சொன்னேன். மன்னித்துக்கொள்.

வெள்ளிக்கிழமை படத்துக்கான பத்திரிகையாளர் சந்திப்பு. அங்கே இதைச் சொல்லப்போகிறேன் என்று தயாரிப்பாளரிடம் சொன்னேன். அப்படிச் சொன்னால் சுவரொட்டியில் அப்பா இருக்க மாட்டார் என்றார். அப்பா இருப்பார், இல்லையென்றால் என் முகத்தையும் எடுத்துவிடுங்கள் என்றேன். நாள் முழுக்க என்னோடு பேசாமல் உதவி இயக்குநரை அனுப்பிக்கொண்டிருக்கிறார். இந்தத் தொழிலிலும் அதேதான்.

இருபத்தெட்டாம் தேதி எனக்குப் படப்பிடிப்பு. அம்மாவை ரயிலேற்றிவிடுகிறேன். கண்ணுக்கு இரண்டு வேளை சொட்டுமருந்து போட வேண்டும். மறந்துவிடாதே.

அண்ணன்


மே 6

அண்ணா,

வெள்ளிக்கிழமை நீ பேசியதை அதே டீக்கடையில் பார்த்தேன். எங்கள் குழுவில் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போய்த்தான் பார்த்தேன். "அது கற்பனை இல்லை. நான் சொன்னதுதான் கற்பனை" என்றாய். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் அலங்காரம் இல்லை. யாரும் கைதட்டவில்லை. கேமரா உன் முகத்தைவிட்டு நகரவுமில்லை. அப்பா இருந்திருந்தால், தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே கேட்டது என்று சொல்லியிருப்பார். மன்னிப்பு என்று நீ எழுதிய வரியை இரண்டு முறை படித்தேன். ஆகட்டும் அண்ணா. முடிந்தது.

படம் சுமாராகத்தான் போகிறது என்று கேள்விப்பட்டேன். நானும் பார்த்தேன். பக்கத்து இருக்கையில் இருந்தவர், "இந்த ஆளு நிஜத்துல பரவாயில்லப்பா, படத்துலதான் ரொம்ப நல்லவனா இருக்கான்" என்றார். எனக்குத் தெரிந்து உனக்குக் கிடைத்த சிறந்த விமரிசனம் அதுதான்.

வாசகர் கூட்டத்தில் என்ன நடந்தது என்று அம்மா உன்னிடம் ஃபோனில் சொல்லியிருப்பாள். தன் பங்கைக் குறைத்துச் சொல்லியிருப்பாள், அதனால் நான் எழுதுகிறேன். அரங்கு நிரம்பி, படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் கால்மணி நேரம் என்னிடம் கேட்டார்கள். அதற்குப் பிறகு என்னை யாரும் சீண்டவில்லை. ரயில்வே கார்டு வந்திருந்தார். எழுந்து நின்று, இந்தப் பெண் தங்கள் கணவரை அவமானப்படுத்திவிட்டாளே, தாங்கள் கண்டிக்க வேண்டாமா என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா மைக்கை வாங்கினாள். "கண்டிச்சேன். என்னைப் பத்திக் குறைச்சு எழுதியிருக்கான்னு கண்டிச்சேன்" என்றாள். அரங்கு சிரித்து ஓய வெகு நேரமாயிற்று. கார்டும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார்.

ஒரு இளம்பெண், ஏன் நீங்கள் விட்டுவிட்டுப் போகவில்லை என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. அம்மா யோசித்தாள். "போகணும்னு நினைச்ச நாளும் உண்டு. இருக்கணும்னு நினைச்ச நாளும் உண்டு. ரெண்டையும் நான்தான் நினைச்சேன். என்னை யாரும் அங்க கட்டிப் போடல. அதனால என்னைப் பாத்து நீயும் இருன்னு சொல்ல மாட்டேன், போன்னும் சொல்ல மாட்டேன். நீ என்ன நினைக்கறியோ அதை வாயைத் திறந்து சொல்லு. நான் அதை மட்டும்தான் செய்யல" என்றாள். அந்தப் பெண் உட்காரவே இல்லை. கூட்டம் முடியும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.

கையெழுத்து வாங்க வந்தவர்கள் என் பெயருக்குப் பக்கத்தில் அவளையும் போடச் சொன்னார்கள். போட்டாள். கையெழுத்து மாறவேயில்லை அண்ணா, பழைய பட விளம்பரங்களில் இருக்குமே, அதே சுழி.

மறுநாள் சும்மா ஒத்திகை பார்க்க வந்தாள். டயர் கடைக்காரர் அவளுக்காகப் படியைக் கழுவி வைத்திருந்தார். புது நாடகத்தில் வீட்டுக்காரி வேடம் போடும் பெண் வரவில்லை. யாராவது வசனத்தைப் படியுங்கள் என்றேன். அம்மா படித்தாள். படித்து முடித்துவிட்டு, இரண்டாவது காட்சியில் இவள் எதற்கு அழுகிறாள், இவள் அழுகிற ரகம் இல்லையே என்று என்னோடு சண்டைக்கு வந்தாள். அரைமணி நேரம் எல்லோர் முன்னாலும் கத்திக்கொண்டோம். வராத பெண் நாலு நாள் கழித்து வந்தபோது அந்த வேடம் அவளுக்கு இல்லை. வேறு கொடுத்திருக்கிறேன்.

இதற்குள் அவள் உன்னிடம் சொல்லியிருப்பாள், ஜூன் வரை வீட்டுக்கு வர மாட்டாள் என்று. கவலைப்படாதே. சொட்டுமருந்து தவறாமல் போடுகிறேன். வசனத்தை ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிட்டாள். என்னுடையதையும் சேர்த்து.

முதல் காட்சி ஜூன் மூன்றாம் சனிக்கிழமை. உனக்கு டிக்கெட் அனுப்பப்போவதில்லை. முன்வரிசையும் கிடையாது. கறுப்புக் கண்ணாடி, தொப்பி, டிரைவர் எதுவும் இல்லாமல் வந்து, அண்ணியோடு வரிசையில் நில். நீண்ட வரிசையாக இருக்கும். முன்னாலும் பின்னாலும் புத்தகம் படித்தவர்கள் இருப்பார்கள். உன்னைத் திட்டுவார்கள், தட்டிக்கொடுப்பார்கள், தங்கள் வீட்டுக் கதையைச் சொல்வார்கள். அவசரப்படாமல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உள்ளே வா.

வாலு